ஸ்டேஷனில் எழுதி வாங்கிய பேப்பர் போதாது: அடிக்கும் கணவருக்கு கோர்ட்டில் தடை வாங்குவது எப்படி?

கேளம்பாக்கம்:-

குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். ராத்திரி 11 மணிக்கு பிள்ளைகளோடு வெளியே தள்ளி கதவை சாத்துகிறார். மறுநாள் போலீஸ் நிலையத்துக்கு போனால் இருவரையும் உட்கார வைத்து பேசி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பி விடுகிறார்கள். 10 நாள் அமைதி. பதினோராவது நாள் மறுபடியும் அதே கதை.

கேளம்பாக்கம், படூர், தையூர், புதுப்பாக்கம், கோவளம் வட்டாரத்தில் இந்த கதை யாருக்கும் புதிது அல்ல. மத்திய அரசின் 5-வது தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 100-க்கு சுமார் 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். ஆனால் நாடு முழுவதும் அடி, உதை, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் பேர் தான்.

மற்றவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? பெரும்பாலும் 2 பயம்.

ஒன்று, "கேஸ் போட்டா புருஷன் ஜெயிலுக்கு போயிடுவாரு, அப்புறம் வாடகை யாரு கட்டுறது?"

இன்னொன்று, "கோர்ட்டுக்கு போனா வீட்டை விட்டு துரத்திடுவாங்க, புள்ளைங்களை கூட்டிக்கிட்டு எங்க போறது?"

இந்த 2 பயத்துக்கும் பதில் சொல்வது தான் கோர்ட்டு கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவு. கணவரை ஜெயிலுக்கு அனுப்பாமல், விவாகரத்தும் கேட்காமல், இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு, "இனி இவர் கை நீட்டக்கூடாது" என்று கோர்ட்டு மூலம் தடை வாங்கலாம். அதை வாங்குவது எப்படி? முழு விவரம் வருமாறு:-

என்ன சட்டம்?

குடும்ப வன்முறையில் இருந்து பெண்களை பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006-ம் ஆண்டு அக்டோபர் 26-ந்தேதி அமலுக்கு வந்தது.

இதில் முக்கியமான விஷயம், மனு விசாரிக்கப்படுவது மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் என்றாலும் கேட்கிற நிவாரணம் சிவில் நிவாரணம். அதாவது கணவர் இதில் குற்றவாளி அல்ல, எதிர் மனுதாரர் மட்டுமே. சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி அளித்த தீர்ப்பில் இதை தெளிவாக சொன்னார். குற்ற வழக்கில் அனுப்புவது போல சம்மன் அனுப்பக்கூடாது, இந்த சட்டத்தில் உள்ள படிவத்தில் நோட்டீசு தான் அனுப்ப வேண்டும், வக்கீல் ஆஜரானால் எதிர் தரப்பினர் நேரில் வரவேண்டும் என்று சாதாரணமாக வற்புறுத்த வேண்டியது இல்லை என்றும் அந்த தீர்ப்பில் கூறப்பட்டது.

ஆகவே மனு போட்ட உடனே போலீஸ் வந்து கணவரை இழுத்துக்கொண்டு போகாது. உத்தரவு வந்த பிறகு அதை மீறினால் தான் கைது, ஜெயில் எல்லாம்.

பேப்பர் வேறு, உத்தரவு வேறு

போலீஸ் நிலையத்தில் எழுதி வாங்குகிற பேப்பருக்கும் கோர்ட்டு உத்தரவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எழுதி கொடுத்ததை கணவர் மீறினால், அதை மீறியதற்காக மட்டும் தண்டனை கிடையாது. மறுபடியும் புகார், மறுபடியும் பேச்சுவார்த்தை. ஊர் பெரியவர்கள் பேசி முடிப்பதும், மீனவர் கிராமங்களில் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதும் இப்படித்தான்.

கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் அதுவே தனி குற்றம். 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.20 ஆயிரம் வரை அபராதம், அல்லது 2-ம் சேர்த்து விதிக்கலாம் என்று 31-வது பிரிவு சொல்கிறது. வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யலாம். ஸ்டேஷன் ஜாமீனும் கிடையாது.

போலீசாரும் இதில் சும்மா இருந்துவிட முடியாது. குடும்ப வன்முறை புகாரோடு ஒரு பெண் வந்தால் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை, பாதுகாப்பு அதிகாரியின் உதவி, இலவச வக்கீல் உதவி எல்லாவற்றையும் அவருக்கு எடுத்து சொல்ல வேண்டியது போலீஸ் அதிகாரியின் கடமை என்று 5-வது பிரிவில் எழுதி இருக்கிறது. சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

யார் யார் மனு போடலாம்?

மனைவி மட்டும் தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிற, அல்லது முன்பு வாழ்ந்த எந்த பெண்ணும் கேட்கலாம். மகன் அடித்தால் தாய் கேட்கலாம். அண்ணன், தம்பி கொடுமை செய்தால் அக்காள், தங்கை கேட்கலாம். தகப்பன் மீது மகள் கேட்கலாம். கணவர் இறந்த பிறகு கொழுந்தன், மாமனார் தொல்லை கொடுத்தால் விதவை பெண் கேட்கலாம்.

முறைப்படி தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர்கள்? கோவையில் இருந்து போன ஒரு வழக்கில் 2010-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு பதில் சொன்னது. இருவருக்கும் திருமண வயது ஆகி இருக்க வேண்டும், இருவரும் திருமணம் செய்ய தடை இல்லாதவர்களாக இருக்க வேண்டும், ஊரறிய கணவன்-மனைவி போல கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். இப்படி இருந்தால் சட்டம் பொருந்தும்.

யார் மீது மனு போடலாம்? முதலில் வயது வந்த ஆண்கள் மீது மட்டும் என்று சட்டத்தில் இருந்தது. 2016-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வார்த்தைகளை நீக்கியது. எனவே மாமியார், நாத்தனார் மீதும் போடலாம். ஆனால் கோபத்தில் சித்தப்பா, பெரியப்பா என்று மொத்த குடும்பத்தின் பெயரையும் சேர்க்காதீர்கள். யார் என்ன செய்தார் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த பெயர்கள் நிற்காது. ஒவ்வொருவருக்கும் நோட்டீசு போய் சேருவதற்குள் உங்களுக்கு தான் நாள் கழியும்.

ஆண்கள் இந்த சட்டத்தில் மனு போட முடியாது. பெற்ற பிள்ளையால் துன்பப்படும் வயதான ஆண்கள் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். ரோட்டில் பின்தொடரும் ஆசாமி, பக்கத்து வீட்டுக்காரர் மீதும் குடும்ப வன்முறை சட்டம் பாயாது. அதற்கு 1998-ம் ஆண்டு தமிழக பெண் வன்கொடுமை தடை சட்டம் தனியாக இருக்கிறது.

எது எல்லாம் வன்முறை?

ரத்தம் வந்தால் தான் வன்முறை என்று இல்லை. சட்டத்தின் 3-வது பிரிவு 4 வகை சொல்கிறது.

* உடலில் அடி, உதை, காயம், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல்.

* விருப்பம் இல்லாமல் பாலியல் தொல்லை. கணவரே செய்தாலும் இதில் வரும்.

* ஆண் குழந்தை இல்லை, வரதட்சணை கொண்டு வரவில்லை என்று திட்டுவது, அவமானப்படுத்துவது. உங்களுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று ஓயாமல் மிரட்டுவது.

* பணத்தால் கொடுமை. வீட்டு செலவுக்கு கொடுக்காமல் இருப்பது, வாடகை கட்டாமல் விடுவது, மனைவியின் சம்பளத்தை பிடுங்குவது, அவர் நகையை கேட்காமல் அடகு வைப்பது, விற்பது.

இந்த நாலாவது தான் நம் பகுதியில் பலருக்கு தெரியாதது. சிறுசேரி சிப்காட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு போய் வாங்கும் சம்பளத்தை 1-ந்தேதியே கணவர் பிடுங்கிக்கொண்டு டாஸ்மாக் போனால், அதுவும் சட்டப்படி வன்முறை.

யாரிடம் போவது?

4 வழி இருக்கிறது. ஒரு வழியில் கதவு திறக்கவில்லை என்றால் அடுத்த வழி.

1) பாதுகாப்பு அதிகாரி:- இந்த சட்டத்துக்காகவே நியமிக்கப்பட்டவர். மாவட்ட சமூக நலத்துறை அலுவலகம் மூலம் இவரை அணுகலாம். நீங்கள் சொல்வதை கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்பி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனு எழுத, தங்கும் இடம் பிடிக்க, மருத்துவ உதவி பெற இவர் உதவ வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் போனில் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் கூட தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்கு போட முடியாது.

2) போலீஸ் நிலையம்:- புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பின்னால் கோர்ட்டில் அது ஒரு சாட்சி.

3) இலவச சட்ட உதவி:- செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசமாக வக்கீல் வைத்து கொடுப்பார்கள். வருமான சான்றிதழ் தேவை இல்லை.

4) நேரடியாக கோர்ட்டு:- வக்கீல் மூலமோ, நீங்களே எழுதியோ 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கை இல்லாமல் மனுவை எடுக்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது தவறு. அந்த அறிக்கை கட்டாயம் இல்லை என்று 2022-ம் ஆண்டு மே 12-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. அறிக்கை வந்திருந்தால் மாஜிஸ்திரேட்டு அதை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதுகாப்பு அதிகாரிகள் போதாத நிலை நாடு முழுவதும் இருப்பதால், மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் அவர்களை நியமிக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

காஞ்சீபுரமா, செங்கல்பட்டா, தாம்பரமா?

நம் பகுதி மக்களுக்கு இதில் ஒரு குழப்பம். பழைய ஆட்களை கேட்டால் காஞ்சீபுரம் போக சொல்வார்கள். 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகிவிட்டது. எனவே சமூக நலத்துறைக்கு செங்கல்பட்டு தான் போக வேண்டும். கேளம்பாக்கத்தில் இருந்து திருப்போரூர் போய், அங்கிருந்து செங்கல்பட்டு ரோட்டை பிடிக்கலாம்.

போலீஸ் மட்டும் வேறு. 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி தாம்பரம் மாநகர போலீஸ் கமிஷனரகம் தொடங்கிய பிறகு கேளம்பாக்கம் போலீஸ் நிலையம் அதன் கீழ் வந்தது. தெற்கே மாமல்லபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட போலீஸ். கமிஷனரிடம் மனு கொடுப்பதா, எஸ்.பி.யிடம் கொடுப்பதா என்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தை பொறுத்தது.

உங்கள் தெரு எந்த மாஜிஸ்திரேட்டு கோர்ட்டின் எல்லையில் வருகிறது என்பதை சட்ட உதவி மையத்தில் கேட்டாலே சொல்லி விடுவார்கள்.

வெளியூரில் கல்யாணம் ஆனவர்கள்

கட்டிட வேலை, வீட்டு வேலை, கம்பெனி வேலை என்று விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் இருந்து இங்கே குடி வந்தவர்கள் ஏராளம். "கல்யாணம் ஆனது அங்கே, புருஷன் வீடு அங்கே, நான் அங்கே தானே போகணும்?" என்று கேட்கிறார்கள்.

தேவை இல்லை. 27-வது பிரிவின்படி அந்த பெண் நிரந்தரமாகவோ, தற்காலிகமாகவோ தங்கி இருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், கணவர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் - இதில் எந்த இடத்து மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலும் மனு போடலாம். அடி தாங்காமல் ஊரில் இருந்து ஓடி வந்து படூரில் அக்காள் வீட்டில் தங்கி இருந்தாலும் இங்கேயே போடலாம். இங்கே வாங்கிய உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும்.

சம்பவம் நடந்து 1 வருஷம் ஆகிவிட்டது, இனி மனு போட முடியாது என்று கணவர் தரப்பில் சொன்னாலும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2022-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, 12-வது பிரிவு மனுவுக்கு அந்த 1 ஆண்டு கெடு பொருந்தாது என்று தீர்ப்பு கூறியது.

கையில் என்ன இருக்க வேண்டும்?

எல்லாம் இருந்தால் தான் மனு என்று இல்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

* கல்யாண பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவு சான்று - எது இருந்தாலும் சரி.

* ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம். ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம்.

* ஆஸ்பத்திரி சீட்டு. அடி பட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு ஆஸ்பத்திரிக்கு போய், "கணவர் அடித்தார்" என்றே டாக்டரிடம் சொல்லுங்கள். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொன்னால் ஏ.ஆர். காப்பியில் அப்படித்தான் பதிவாகும். பிறகு கோர்ட்டில் அதை வைத்தே உங்களை மடக்குவார்கள்.

* காயத்தின் போட்டோ, மிரட்டி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் மெசேஜ். போன் உடையலாம், பிடுங்கப்படலாம். ஒரு காப்பியை நம்பிக்கையான ஆளுக்கு அனுப்பி வையுங்கள்.

* பழைய போலீஸ் புகார், சி.எஸ்.ஆர். ரசீது, ஸ்டேஷனில் எழுதி வாங்கிய பேப்பரின் நகல். தனியாக பார்த்தால் பலன் இல்லாத அந்த பேப்பர், "முன்பே ஒப்புக்கொண்டார், மறுபடியும் அடித்தார்" என்று கோர்ட்டில் காட்ட உதவும்.

* கணவர் எங்கே வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பளம் என்ற விவரம். பணம் கேட்பதாக இருந்தால் இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தை பிரமாண பத்திரமாக தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறி இருக்கிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

மனுவில் தேதி, நேரம், நடந்தது மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். "எப்போதும் கொடுமை செய்கிறார்" என்று பொதுவாக எழுதுவதை விட, "தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு இரும்பு நாற்காலியால் இடது கையில் அடித்தார்" என்பது போல எழுதினால் பலம். தேதி நினைவு இல்லை என்றால் பண்டிகை, பள்ளிக்கூடம் திறந்த நாள் என்று அடையாளம் சொல்லலாம். நடக்காததை சேர்க்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் 10 உண்மையும் அடிபடும்.

என்னென்ன கேட்கலாம்?

ஒரே மனுவில் பல நிவாரணம் கேட்கலாம். இதை தெரியாமல் "அடிக்கக்கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

* பாதுகாப்பு (18-வது பிரிவு):- அடிக்கக்கூடாது, ஆள் வைத்து மிரட்டக்கூடாது, போன், மெசேஜ் எதிலும் தொடர்பு கொள்ளக்கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, குழந்தை படிக்கும் பள்ளிக்கு வரக்கூடாது. கம்பெனி வாசலிலோ, மீன் விற்கும் இடத்திலோ வந்து ரகளை செய்பவர் என்றால் அந்த இடத்தின் பெயரை மனுவில் குறிப்பிட்டு கேளுங்கள். சொத்தை, நகையை விற்கக்கூடாது என்றும் தடை கேட்கலாம்.

* வீடு (19-வது பிரிவு):- வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்றும், தேவைப்பட்டால் கணவர் வெளியே போக வேண்டும் என்றும் கேட்கலாம். சேர்ந்து இருக்கவே முடியாது என்றால் அதே வசதியில் வேறு வீடு பார்த்து தர வேண்டும் அல்லது வாடகை கட்ட வேண்டும் என்று கேட்கலாம். சீதன நகை, பாத்திரம் திருப்பி தரவும் உத்தரவு கேட்கலாம். வீட்டில் இருக்கும் பெண்களை வெளியேற்ற மட்டும் இந்த சட்டத்தில் உத்தரவு கிடையாது.

* பணம் (20-வது பிரிவு):- மருத்துவ செலவு, உங்களுக்கும் குழந்தைகளுக்கும் மாதா மாதம் செலவு. கணவர் கட்டவில்லை என்றால் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கே உத்தரவு போட்டு சம்பளத்தில் பிடித்து தர சொல்லலாம்.

* குழந்தைகள் (21-வது பிரிவு):- தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ள உத்தரவு.

* நஷ்டஈடு (22-வது பிரிவு):- உடலுக்கும் மனதுக்கும் ஏற்பட்ட பாதிப்புக்கு.

வீடு மாமனார் பெயரில் இருந்தால்?

இது தான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. வாடகை வீடு என்றாலும் "இருவரும் குடும்பம் நடத்திய வீடு" என்றால் அதில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தாலும் சரி.

மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று 2006-ல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து பல வருஷம் பெண்களை வெளியேற்றினார்கள். 2020-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் அமர்வு அந்த தீர்ப்பு சரியல்ல என்று கூறிவிட்டது. கணவரின் உறவினர் வீடாக இருந்தாலும் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதுவும் பகிர்ந்து வாழும் வீடு தான். அதே ஆண்டு டிசம்பர் 15-ந்தேதி வந்த இன்னொரு தீர்ப்பில், மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்து மருமகளின் இந்த உரிமையை தட்டி பறிக்க முடியாது என்று சொல்லப்பட்டது.

ஆனால் ஒன்று. இது வீட்டில் இருக்கும் உரிமை. வீடு உங்கள் பெயருக்கு மாறிவிடாது.

எத்தனை நாள் ஆகும்?

மனு கிடைத்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. நோட்டீசை பாதுகாப்பு அதிகாரி 2 நாளில் சேர்க்க வேண்டும். முதல் விசாரணையில் இருந்து 60 நாளில் முடிக்க கோர்ட்டு முயல வேண்டும். இது சட்டத்தில் உள்ள கணக்கு.

நடைமுறை வேறு. நோட்டீசு வாங்காமல் ஒளிவது, வாய்தா மேல் வாய்தா என்று மாதங்கள் ஓடும், வருஷமும் ஆகும்.

அதற்கு தான் 23-வது பிரிவு. முழு விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், மனுவோடு சேர்த்து பிரமாண பத்திரம் தாக்கல் செய்து இடைக்கால உத்தரவு கேளுங்கள். ஆபத்து அவசரம் என்று மாஜிஸ்திரேட்டுக்கு தெரிந்தால் எதிர் தரப்பை கேட்காமலே கூட உத்தரவு போடலாம். மனு எழுதும் வக்கீலிடம், "இடைக்கால மனுவும் சேர்த்து போடுங்க சார்" என்று மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு வரி தான் பல பெண்களுக்கு மாதக்கணக்கை மிச்சப்படுத்தும்.

நடுவில் இருவரையும் ஆலோசனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வெளியாட்கள் இல்லாமல் தனி அறையில் விசாரிக்க வேண்டும் என்றும் நீங்கள் கேட்கலாம்.

உத்தரவு கிடைத்த பிறகு

உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். சம்பந்தப்பட்ட போலீஸ் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும். போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிடாமல் நீங்களே ஒரு காப்பியை ஸ்டேஷனில் கொடுத்து வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை செய்யும் இடத்தில், குழந்தையின் பள்ளியில் ஒரு காப்பி இருந்தால் நல்லது.

கணவர் மீறினால் அன்றைக்கே போலீசுக்கோ, பாதுகாப்பு அதிகாரிக்கோ சொல்லுங்கள். "மறுபடியும் அடித்தார்" என்று மட்டும் எழுதாமல், "கோர்ட்டின் இந்த தேதி உத்தரவை மீறினார், 31-வது பிரிவில் நடவடிக்கை வேண்டும்" என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் ஒரே சாட்சியத்தை வைத்தே கோர்ட்டு குற்றத்தை முடிவு செய்யலாம் என்று 32-வது பிரிவில் உள்ளது. நாலு சுவருக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி எங்கே கிடைக்கும் என்ற கவலைக்கு இது பதில்.

மாத செலவு பணம் வரவில்லை என்றால் பாக்கியை வசூலிக்க அதே கோர்ட்டில் தனி மனு போட வேண்டும்.

உத்தரவு எத்தனை நாள் செல்லும்? நீங்களே ரத்து செய்ய கேட்கும் வரை. நிலைமை மாறிவிட்டது என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் இரு தரப்பில் யார் கேட்டும் மாற்றலாம். உத்தரவு பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் செசன்சு கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். கணவர் தரப்பு ஐகோர்ட்டுக்கு போய் மனுவையே ரத்து செய்ய கேட்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஐகோர்ட்டு மிகவும் யோசித்து, அரிதாகத்தான் அதில் தலையிட வேண்டும் என்று 2025-ம் ஆண்டு மே 19-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறி உள்ளது.

சில கேள்விகள், பதில்கள்

இந்த மனு போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

ஆகாது. தாலியும் உறவும் அப்படியே இருக்கும். அடி மட்டும் நிற்க வேண்டும் என்பது தான் மனு.

குடும்ப நல கோர்ட்டில் ஏற்கனவே விவாகரத்து வழக்கு நடக்கிறது. இது போட முடியுமா?

போடலாம். அந்த வழக்கிலேயே இந்த நிவாரணங்களை கேட்கவும் 26-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வேறு கோர்ட்டில் ஏற்கனவே வாங்கிய உத்தரவு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வரதட்சணை கொடுமை புகாரும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அது போலீஸ் விசாரிக்கும் குற்ற வழக்கு. பழைய 498-ஏ பிரிவு 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவாக இருக்கிறது. அது வேறு, இது வேறு. ஒன்று போட்டதால் இன்னொன்று தடை ஆகாது.

ராத்திரி வெளியே தள்ளிவிட்டால் எங்கே போவது?

181-க்கு போன் செய்யுங்கள். தங்கும் இல்லம் கேட்டு நீங்களோ, பாதுகாப்பு அதிகாரியோ கேட்டுக்கொண்டால் இல்லத்தின் பொறுப்பாளர் இடம் தர வேண்டும். ஆஸ்பத்திரியும் சிகிச்சையை மறுக்கக்கூடாது. மத்திய அரசு திட்டத்தில் மாவட்டம் தோறும் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிக தங்கல், ஆலோசனை, சட்ட உதவி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கிளம்பும் முன்பு ஒரு பையில் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்பு சான்று, கொஞ்சம் பணம், மாத்திரை சீட்டு போட்டு நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. அவசரத்தில் இதை தேட நேரம் இருக்காது.

வெட்டி எடுத்து வைக்க வேண்டிய நம்பர்கள்

* பெண்கள் உதவி மையம்:- 181

* அவசர போலீஸ்:- 100 அல்லது 112

* பெண்களுக்கான போலீஸ் உதவி:- 1091

* இலவச சட்ட உதவி:- 15100

* குழந்தைகளுக்கு ஆபத்து என்றால்:- 1098

இந்த நம்பர்களை புருஷன் பார்க்கும் போனில் உங்கள் பெயருக்கு தெரிந்த வேறு பெயரில் பதிவு செய்து வையுங்கள். பக்கத்து வீட்டில் அலறல் சத்தம் கேட்டால் டி.வி. சத்தத்தை கூட்டி வைக்காமல் நீங்களே கூட போன் செய்யலாம்.